பொலோன்யா படிக்கட்டில் ஒரு சிவப்பு ஜோடி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் முதலில் போய் இறக்கிவிட்டு வந்துவிடுங்கள்; பொங்கி வழிந்தால் பழி என்மேல் விழும். காணாமல் போன ஒரு ஜோடி ஷூவின் கதையைச் சொல்லப் போகிறேன். துப்பறிந்தது நான். அதனால் துப்பு கம்மியாகவும் சிரிப்பு ஜாஸ்தியாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் அமிர்தவள்ளி. வேலூர் பெண்கள் ஜெயிலில் வார்டராக இருந்து ரிடையர் ஆனவள். புடவை மடிப்பில் பீடி ஒளித்து வருகிறவளை நடையை வைத்தே பிடித்துவிடுவேன் என்று எனக்கு அங்கே ஒரு பேர். அந்தப் பேரை நம்பி, சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் எது தொலைந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு தடவை எதிர்வீட்டுக் குக்கர் வெயிட்டைத் தேடித் தெரு முழுக்க விசாரணை நடத்தி, இரண்டு வேலைக்காரப் பெண்களை அழவைத்தேன். கடைசியில் அது என் வீட்டு அலமாரியில் இருந்தது. இரவல் வாங்கினதை மறந்துவிட்டேன். கண்டுபிடித்ததும் நான்தானே என்று நிமிர்ந்து நின்றேன்.

"தொலைச்சதும் நீதானே அமிர்தம்," என்றாள் மோகனா.

மோகனா என் பக்கத்து வீட்டுக்காரி, தையல்கடை வைத்திருப்பவள், என் துப்பறியும் தொழிலுக்கு உதவியாளர். அவள் கத்தரிக்கோலாவது எப்போதாவது மழுங்கும், நாக்கு மழுங்காது.

இந்தக் கதை நடந்தது இத்தாலியில் பொலோன்யா என்கிற பழைய ஊரில், ஒரு நவம்பர் மாதக் கடைசியில். அங்கே எங்களுக்கு என்ன வேலை என்றால், என் வீட்டிலேயே இருக்கும் என் அண்ணன் மகன் ஜோசுவா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைனர். அவன் பெண்டாட்டி மெர்சி அதே கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். மெர்சியின் பாதம் அச்சாக முப்பத்தேழாம் நம்பர். பெண்கள் ஷூவுக்குச் சாம்பிள் அந்த அளவில்தான் செய்வார்கள். புது மாடல் எது வந்தாலும் லைனை விட்டு அவளைக் கூப்பிட்டு, காலில் மாட்டி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள்.

போன தடவை அனுப்பிய ஷூ குதிகாலைக் கடிக்கிறது என்று பொலோன்யாவில் இருந்து சரக்கு வாங்குகிற பையர் திருப்பி அனுப்பிவிட்டார். "புதுசாகச் செய்ததை எங்கள் ஊர்க் கல்தெருவில் நாள் முழுக்கப் போட்டு நடந்துவிட்டு, அதையே கொண்டுவந்து காட்டுங்கள். கடிக்கவில்லை என்றால் ஆர்டர்," என்றார். ஆர்டர் வராவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மெர்சியின் லைனை மூடிவிடுவதாகப் பேச்சு. அவளோடு உட்கார்ந்து தைக்கிற பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆக, ஊர் சுற்றிப் பார்ப்பதே வேலையாகிப் போன அதிர்ஷ்டசாலிக் குடும்பம் நாங்கள். நானும் மோகனாவும் அந்த அதிர்ஷ்டத்தில் ஒட்டிக்கொண்டோம். ஜோசுவாவின் ஆம்பூர்த் தோஸ்த் யாசிர் அந்த ஊரில் ஒரு தோல் கம்பெனியில் இருக்கிறான். அவன் வீட்டில்தான் தங்கினோம்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பையரைப் பார்க்க வேண்டும். காலையில் மெர்சி அந்தப் புதுச் சிவப்பு ஜோடியை மாட்டிக்கொள்ள, கிளம்பி ஊரைச் சுற்றினோம். தெருவுக்குத் தெரு வளைவு வளைவாக மண்டபம். மழை பெய்தாலும் தலை நனையாமல் ஊர் முழுக்க நடக்கலாம். ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து நிற்கும் இரண்டு கோபுரங்கள். எல்லாரும் அதை அண்ணாந்து பார்க்க, ஜோசுவா மட்டும் பெண்டாட்டியின் காலைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"கடிக்குதா?"

"இல்ல."

நாலு எட்டு போனதும் மறுபடி, "இப்ப?"

"ஷூ கடிக்கல. நீதான் கடிக்கிற," என்றாள் மெர்சி.

யாசிர் காரை நிறுத்த இடம் தேடிப் போனான். நாங்கள் நாலு பேரும் ஊர் நடுவே இருக்கிற பெரிய சதுக்கத்துக்கு வந்தோம். அங்கே ஒரு பிரம்மாண்டமான சர்ச். முகப்பில் கீழ்ப் பாதி பளிங்கு, மேல் பாதி வெறும் செங்கல்.

"கான்ட்ராக்டர் பாதியில ஓடிட்டாரு போல," என்றாள் மோகனா.

படியேறினோம். இங்கேதான் கவனிக்க வேண்டும். சர்ச்சுக்குள் செருப்போடு போகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. மோகனாவுக்கோ சாமி இருக்கிற இடம் எல்லாம் கோயில்தான். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. வாசலைக் கண்டதும் கால்கள் தாமாகவே கழற்றிவிட்டன. மேல்படி ஓரமாக நாலு ஜோடியையும் வரிசையாக விட்டோம். மெர்சியின் சிவப்பு ஜோடி நடுவில், கல்யாணப் பெண் மாதிரி.

மற்றவர்கள் எல்லோரும் ஷூவோடு உள்ளே போவதைப் பார்க்காமல் இல்லை.

"இவங்கல்லாம் சும்மா கட்டடம் பாக்க வந்தவங்க," என்று தீர்ப்பு சொன்னேன். என் சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே தரை பனிக்கட்டி. முழங்கால் போட்டு ஜெபித்து, அண்ணாந்து பார்த்து, கழுத்து பிடித்துக்கொண்ட பிறகு வெளியே வந்தோம்.

மூன்று ஜோடி இருந்தது. சிவப்பு ஜோடி இல்லை.

ஜோசுவா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு அத்தை. லைன் போச்சு."

"வேற ஜோடி இல்லியா?"

"இருக்குது, ஆம்பூர்ல. நடந்த ஜோடிதான் அவருக்கு வேணும். புதுச எத்தினி காட்டினாலும் ஒத்துக்க மாட்டாரு."

மெர்சி காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குள் இருந்த வார்டர் எழுந்துகொண்டாள்.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றேன். "தடயம் அழிஞ்சுடும்."

"எனக்குக் கால் விறைக்குது, என் தடயத்த நான் மாட்டிக்கிறேன்," என்று மோகனா தன் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

குனிந்து ஆராய்ந்தேன். முதல் தடயம்: சிவப்பு ஜோடி மட்டும்தான் போயிருக்கிறது. "திருடனுக்குத் தோல் தெரியும்டி. நாலுல எது ஒசத்தின்னு தெரிஞ்சு எடுத்திருக்கான். போட்டிக் கம்பெனி உளவாளி."

"உன்னுதத் தொட்டுக்கூடப் பாக்கல அமிர்தம். திருடனுக்கும் ஒரு தராதரம் இருக்குது."

இரண்டாவது தடயம்: சிவப்பு ஜோடி இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ. பக்கத்தில் கண்ணாடிக் குப்பிக்குள் சின்ன மெழுகுவத்தி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் உள்ளே போகும்போது இரண்டும் இல்லை.

மூன்றாவதுதான் விசித்திரம். வாசலில் காவல் நின்ற ராணுவக்காரரிடம் போய் மெர்சியின் சாக்ஸ் காலைக் காட்டி, இல்லாத ஷூவைக் கையால் வரைந்து காட்டினேன். அவர் நெஞ்சில் கைவைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வழியாகப் போன ஒரு வயதான அம்மாள் காலி இடத்தையும் எங்களையும் பார்த்துவிட்டு, மெர்சியின் இரண்டு கைகளையும் பிடித்து அழுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"பாத்தியா," என்றேன் மோகனாவிடம். "ஊருக்கே அந்தக் கும்பலத் தெரியும். பயத்துல வாயத் தொறக்க மாட்றாங்க."

"ஒரு ஜோடி ஷூவுக்கு ஊரே அழுவுமா இன்னா?"

நல்ல கேள்வி. அதை அப்போதே யோசித்திருந்தால் பிறகு நான் பட்ட அவமானம் மிச்சமாகியிருக்கும். யோசிக்கவில்லை. ரோஜாவை மோந்து பார்த்தேன், புதுசு. சதுக்கத்தின் அந்தக் கோடியில் ஒருவர் வாளியில் ரோஜா வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

"பிடிச்சிட்டேன்! வாங்க!"

ஜோசுவா தன் ஷூவைக் கழற்றி மெர்சிக்குக் கொடுத்துவிட்டு வெறும் சாக்ஸோடு ஓடிவந்தான். மெர்சி இரண்டு பரிசல்களை மாட்டிக்கொண்டவள் மாதிரி அந்த ஷூவில் தொம் தொம்மென்று பின்னால் வந்தாள். ஐரோப்பாக்காரர்கள் எங்களைப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

பூக்காரர் தாடி நரைத்த மனிதர். முகத்தைப் பார்த்தால் நம் பக்கத்து ஆள் மாதிரி இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. பழக்க தோஷம், நேராக வாளிக்குள் கையைவிட்டுச் சோதனை போட்டேன். முள் குத்தியதுதான் மிச்சம்.

"அரே! க்யா கர் ரஹீ ஹைன்?" என்ன பண்ணுகிறீர்கள் என்று கத்தினார்.

இந்துஸ்தானி! உருது பேசுகிற பேர்ணாம்பட்டுக் கைதிகளிடம் கற்றுக்கொண்ட அத்தனையையும் திரட்டி, "லால் ஜூத்தா கஹான்?" சிவப்பு ஷூ எங்கே என்று அதட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. கோபம் போய்க் கனிவாக ஏதோ மளமளவென்று சொன்னார். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: ஒரு பெண் வந்தாள், ரோஜா வாங்கினாள், ஷூவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"கும்பலுக்குத் தலைவி ஒரு பொம்பள," என்று அறிவித்தேன்.

"அப்ப உனக்குச் சரியான ஜோடிதான்," என்றாள் மோகனா.

அந்தச் சமயத்தில் யாசிர் வந்து சேர்ந்தான். ஜோசுவாவின் சாக்ஸையும் என் விரல் ரத்தத்தையும் பார்த்துத் திகைத்தான். பூக்காரரோடு உருதுவில் பேசினான். அவர் பெயர் காஷிஃப் என்பதும், லாகூர்க்காரர் என்பதும், நான் பிடித்தது திருடனை அல்ல, ஒரே சாட்சியை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பேசப் பேச யாசிர் முகம் இறங்கிப்போயிற்று.

"ஷூவ எங்க விட்டீங்க? சர்ச் படியிலயா? செவப்பு ஷூவயா?" என்றான்.

"கோயிலுக்குள்ள வேற எப்படிப் போறது?"

அவன் நெற்றியில் கைவைத்துக்கொண்டான். "ஆன்ட்டி, ஷூ எங்க இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. இட்டுனு போறேன். ஆனா அங்க போனதும் நீங்க ஒண்ணும் பேசக் கூடாது."

குற்றவாளியை உஷார்ப்படுத்த வேண்டாம் என்கிறான், விவரமான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

வளைவு மண்டபம் ஒன்றைக் கடந்து ஒரு சின்னச் சதுக்கத்துக்குள் திரும்பினான். திரும்பியதும் நின்றுவிட்டேன்.

தரை முழுக்கச் சிவப்பு ஷூக்கள். வரிசை வரிசையாக. ஹீல் வைத்தது, தட்டையானது, வீட்டுக்குள் போடும் செருப்பு, சிவப்புப் பெயின்ட் அடித்த பழைய பூட்ஸ். எல்லாம் பெண்கள் கால் அளவு. சிலதில் பூ, சிலதில் மெழுகுவத்தி. முன்வரிசையில், எங்கள் ஆம்பூர் ஜோடி.

எனக்குப் புரிந்துபோயிற்று. அதாவது, புரிந்துபோனதாக நான் நினைத்தேன். களவாடின மாடலை எல்லாம் பரப்பிக் கண்காட்சி! யாசிர் சொன்னது காற்றோடு போயிற்று. வரிசைக்குள் பாய்ந்து மெர்சியின் ஷூவில் ஒன்றைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்தேன்.

"இது எங்களுது! கையும் களவுமா பிடிச்சேன்! யாருடி அவ, வெளிய வா!"

சதுக்கமே என் பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே நின்றவர்களில் ஒருவரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு முதல் அடி.

"ஆன்ட்டி, கீழ வைங்க," என்றான் யாசிர் மெதுவாக. "இது கடை இல்ல. பொம்பளைங்கள வீட்டு ஆளுங்களே, புருஷனோ, பழகினவனோ, அடிச்சுக் கொன்னுடறாங்க இல்ல? அப்படிச் செத்தவங்களுக்காக வருஷா வருஷம் இந்த நாள்ல செவப்பு ஷூ வெக்கிறாங்க. காலி ஷூன்னா, போட்டுக்க ஆள் இல்லேன்னு அர்த்தம்."

உயர்த்திய கை இறங்க மறுத்தது. ஜெயிலில் என் முன்னால் நின்று அழுத பெண்கள் அத்தனை பேரும் உயிரோடிருந்தவர்கள். அழக்கூட உயிரில்லாமல் போனவர்களின் வரிசையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் நடுவே புகுந்து சத்தம் போட்டுக்கொண்டு.

மோகனா ஏதாவது சொல்லுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து ஷூவை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள் எங்களிடம் வந்தார். அவர் இத்தாலிய மொழியில் சொன்னதை யாசிர் தமிழில் சொன்னான். சர்ச் படியில் சிவப்பு ஜோடியைப் பார்த்ததும் யாரோ தன் மகளுக்கோ அக்காவுக்கோ வைத்துவிட்டுப் போனதாக நினைத்தாராம். தானும் ஒரு ரோஜா வாங்கி வைத்தாராம். யாரோ மெழுகுவத்தி ஏற்றினார்களாம். "அங்க தனியா இருந்துச்சு. இங்க மத்தவங்களோட இருக்கட்டும்னு ரோஜாவ அடையாளத்துக்கு விட்டுட்டு எடுத்துனு வந்தேன்," என்றாராம். கொண்டுவந்து, தன் மகளின் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து ஏதோ கேட்டார். யாசிர் தயங்கித்தான் சொன்னான்.

"யாரோடதுன்னு கேக்கறாங்க. அந்தப் பொண்ணு பேரு இன்னான்னு."

ஜோசுவா தலையைக் குனிந்துகொண்டான். மெர்சிதான் முன்னால் வந்தாள், அந்தப் பெரிய ஷூவை இழுத்துக்கொண்டு.

"என்னுதுதாம்மா. நான்தான் மெர்சி."

யாசிர் அதைச் சொன்னதும் அந்த அம்மாள் மெர்சியையே பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கன்னத்தைத் தொட்டார், சூடு இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. பிறகு சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

"எத்தனையோ வருஷமா இத வெக்கிறோம்," என்றாராம். "ஷூவுக்கு உடையவ திரும்பி வந்து கேட்டது இதான் மொதத் தடவ."

ஜோசுவா தொண்டையைச் செருமினான். "யாசிரு, அவங்ககிட்ட சொல்லு. சாம்பிளுக்கு எப்பவும் ஒத்தக் காலுதான் காட்டுவோம், எனக்கு அது போதும். இன்னொண்ணு அவங்க பொண்ணு பக்கத்துலயே இருக்கட்டும்."

அந்த அம்மாள் பலமாக மறுத்துத் தலையாட்டினார். "ஒரு கால விட்டுட்டு இவ எப்படி வீட்டுக்குப் போவா? உயிரோட இருக்கிறவ ஷூ இங்க இருக்கக் கூடாது. ரெண்டையும் எடுத்துனு போங்க. வீடுவரைக்கும் போட்டுனு போகணும்."

சொல்லிவிட்டுத் தரையில் மண்டியிட்டார். மெர்சி பதறிப் பின்வாங்கியும் விடவில்லை. அங்கே வந்த யாரோ ஷூவுக்குள் வைத்திருந்த ரோஜாவை எடுத்துத் தன் மகளின் ஷூவில் வைத்தார். மெர்சியின் காலைப் பிடித்து, இரண்டு ஷூவையும் மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினார். "நட," என்று கையைக் காட்டினார்.

மெர்சி அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். கல்தரையில் அவள் காலடிச் சத்தம் கேட்டது. எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

பையர் ஆபீசுக்குப் பிந்தித்தான் போனோம். அவர் மெர்சியின் குதிகாலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். தோல் சிவக்கவில்லை. ஷூவின் உள்பக்கம் விரலைவிட்டுத் தடவிப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டும்போது, மேல்தோலில் ஒரு சொட்டு மெழுகு உறைந்திருப்பது கண்ணில் பட்டது. ஜோசுவா கைக்குட்டையை எடுத்தான். அவர் தடுத்துவிட்டு, என்ன என்று கேட்டார். யாசிர் நடந்ததை எல்லாம் சொன்னான். நான் வரிசைக்குள் பாய்ந்ததையும் சேர்த்துத்தான் சொன்னான், பாவி.

பையர் அந்த மெழுகுச் சொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, ஆர்டர் உண்டு என்றார். ஜோசுவா மூச்சுவிட்டான். ஆனால் அவர் ஷூவை மேஜைமேல் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். ஒப்புக்கொண்ட சாம்பிள் பையரிடம்தான் இருக்கும். அது தொழில் வழக்கம். ஜோசுவா சரி என்று சொல்ல வாயெடுத்தான்.

"இல்ல," என்றாள் மெர்சி.

கையெழுத்து இன்னும் ஆகவில்லை. அவள் கூடத் தைக்கிற பெண்கள் அத்தனை பேரின் பிழைப்பும் அந்த மேஜைமேல் இருந்தது.

"இந்த ஜோடி வீடுவரைக்கும் என் கால்ல வரணும்னு ஒரு அம்மா சொல்லியிருக்காங்க. சரின்னுட்டு வந்திருக்கேன். சாருக்கு இதே மாதிரி ஒண்ணு நானே தெச்சு அனுப்பறேன். சொல்லு யாசிரு."

"இந்தப் பொண்ணு ஆர்டரையும் சேத்துக் கழட்டிவுட்ருமோ?" என்று மோகனா என் காதைக் கடித்தாள்.

யாசிர் சொன்னான். பையர் மெர்சியைப் பார்த்தார். ஷூவை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார். தரையில் அவள் காலருகே ஜோடியாக வைத்துவிட்டு, போய்க் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஜோடியோடுதான் மெர்சி விமானம் ஏறினாள், சென்னையில் இறங்கினாள், சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் படியேறினாள். நான் பின்னாலேயே முள் குத்தின விரலோடு ஏறினேன். இந்த வழக்கில் குற்றவாளி இல்லை. துப்பறிந்தவள் போட்ட கணக்கில் ஒன்றுகூடச் சரியில்லை. மனசு நிறைந்துபோன வழக்கு எனக்கு இது ஒன்றுதான்.

சரி கண்ணுகளா, எழுந்திருங்கள், நேரமாயிற்று. உங்கள் வீட்டு வாசலிலிருந்து காலையில் கிளம்பிப் போகிற செருப்பெல்லாம், போட்டுப் போன காலோடு பொழுது சாயத் திரும்பி வரட்டும். உங்கள் பெண்பிள்ளைகள் எந்த வீட்டில் வாழ்ந்தாலும் பயமில்லாமல் வாழட்டும். வாசலில் செருப்பு குவிந்து கிடக்கிறது, கால்வைக்க இடமில்லை என்று நீங்கள் தினமும் அலுத்துக்கொள்ளும்படி உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.